பி செல் இல்லாத கோழிகளும் மாதம்மாவும்

போன வாரம் ஷாலினி போன் செய்தாள். நான் ஓய்வு பெற்ற பிறகு எங்கள் கோழி நோய் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்த டாக்டர் அவள். பிறக்கும்போதே பி செல் இல்லாத கோழிகளை வெளிநாட்டில் உருவாக்கிவிட்டார்களாம். அந்தக் கோழிகளின் முட்டை தருவீர்களா என்று ஆய்வுக்கூடத்தில் எழுதிக் கேட்டிருக்கிறார்கள். "நீங்கல்லாம் குஞ்சைக் கையில வெச்சுக்கிட்டு பி செல்லை எப்படி மேடம் எடுத்தீங்க?" என்றாள். நாய் படாத பாடு பட்டு எடுத்தோம் என்றேன். சிரித்தாள். சிரிக்கட்டும், அவளுக்கென்ன, முட்டையை இன்குபேட்டரில் வைத்தால் வேலை முடிந்தது.

போனை வைத்த பிறகு எனக்கு வேறு வேலை ஓடவில்லை. மாதம்மாவின் ஞாபகம் வந்துவிட்டது.

முதலில் எங்கள் தொழில் என்ன என்று சொல்லிவிடுகிறேன். கோழியின் உடம்பில் நோயை எதிர்க்க இரண்டு முக்கியமான கூட்டம் உண்டு. பி செல் என்பது ரத்தத்தில் எதிர்ப்புப் பொருளைக் கொட்டும். டி செல் என்பது நோய் புகுந்த செல்லையே தேடிப் போய் அழிக்கும். எந்த நோயை எது தடுக்கிறது என்று வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. கூட்டுக் குடும்பத்தில் யார் என்ன வேலை செய்கிறார்கள் என்று தெரிய வேண்டுமானால் ஒரு மருமகளைப் பத்து நாள் தாய் வீட்டுக்கு அனுப்பிப் பார்க்க வேண்டும். அடுப்பு எரிகிறதா, மாட்டுக்குத் தண்ணீர் போகிறதா என்று அப்போது தெரியும். நாங்கள் செய்ததும் அதுதான். ஒரு கூட்டத்தை மட்டும் எடுத்துவிட்டு, மற்றதைத் தொடாமல், கோழிக்கு என்ன ஆகிறது என்று பார்ப்போம்.

எனக்கு மொரப்பூர் பக்கம். ரயிலேறிக் கால்நடை மருத்துவம் படிக்கப் போனபோது என் சித்தப்பா, "மனுசனுக்கு டாக்டராவறத வுட்டுட்டுக் கோழிக்கு ஆவப்போறாளாம்" என்று ஊரெல்லாம் சொன்னார். படித்து முடித்து தருமபுரிக்கு வெளியே இருந்த இந்த ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தேன். அதற்குப் பிறகும் அவர் வீட்டு மாடு சினைக்கு நிற்காவிட்டால் என்னைத்தான் கூப்பிடுவார்.

ஆய்வுக்கூடத்தின் தலைவர் டாக்டர் முனிரத்தினம். ஓசூர்ப் பக்கத்துக்காரர், வீட்டில் கன்னடம். கோபம் வந்தால் தமிழ் கழன்றுகொள்ளும். "சும்னிரு" என்று அவர் சொல்லிவிட்டால் அந்த அறையில் யாரும் வாய் திறக்க மாட்டோம். கைக்கடிகாரத்தைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு முழங்கை வரைக்கும் கை கழுவுவார். குஞ்சைக் கையில் எடுத்ததும் அதன் நெஞ்சைக் கட்டைவிரலால் ஒரு தடவு தடவி, துடிப்பு அடங்கிய பிறகுதான் கத்தரிக்கோலைக் கேட்பார். அவசரப்பட்டு யாராவது நீட்டினால் வாங்க மாட்டார்.

அவர் எனக்குச் சொன்னதில் ஒன்றை மட்டும் நான் கடைசி வரை விடவில்லை. "எடுத்தது போயிடுச்சான்னு கோழியைக் கேளம்மா. உன் கையைக் கேக்காதே. கை எப்பவும் ஆமான்னுதான் சொல்லும்."

வத்தல்மலை ஊர்களில் நாட்டுக்கோழிகளுக்கு அம்மைத் தடுப்பூசி போடும் திட்டம் ஒன்று அப்போது நடந்தது. ஊருக்கு ஒரு பெண்ணைத் தேர்ந்தெடுத்துப் பயிற்சி கொடுத்தோம். றெக்கைக்குக் கீழே வெறும் தோலாக இருக்கும் இடத்தில் இரட்டை முனை ஊசியை மருந்தில் தோய்த்து ஒரு குத்து. அவ்வளவுதான். ஒரு வாரத்தில் அந்த இடம் தடித்துக் கொப்புளமாகும், பிறகு காய்ந்து உதிர்ந்துவிடும். மாதம்மா அப்படி வந்தவள். நாற்பது வயது இருக்கும், ராகியும் சாமையும் விளையும் கொஞ்சம் காடு, கணவர் இல்லை. பயிற்சிக்கு வந்த பெண்களிலேயே கோழியை அலற விடாமல் பிடிக்கத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான்.

மலையில் கோழி அம்மைக்கு ஊசி போடுவது லேசான காரியம் இல்லை. மனுசருக்கு வந்தாலும் கோழிக்கு வந்தாலும் அது ஆத்தாள்தான். கோழியின் கொண்டையில் கொப்புளம் கண்டால் மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் பூசுவார்கள், அந்த வீட்டில் தாளிக்க மாட்டார்கள். ஆத்தாள் வரும் முன்பே ஊசியைக் காட்டி வராதே என்று சொன்னால் அவளுக்குக் கோபம் வராதா என்று கேட்டார்கள். மாதம்மா எப்படியோ பேசி, வீடு வீடாகப் போய்ப் போட்டுவிட்டாள். என்ன பேசினாள் என்று நாங்கள் கேட்கவில்லை.

சில மாதங்கள் கழித்துத் திட்டத்தைச் சரிபார்க்க ஓர் அதிகாரி வந்தார். அவர் ஆட்கள் ஊர் ஊராகக் கோழி ரத்தம் எடுத்து எங்களிடம் கொடுத்தார்கள். ஜெல் தட்டில் ரத்தநீரையும் மருந்துக் கிருமியையும் எதிரெதிரே விட்டால், எதிர்ப்புப் பொருள் இருந்தால் நடுவே ஒரு வெள்ளைக் கோடு விழும். மாதம்மா ஊர்க் கோழிகளின் தட்டில் ஒரு கோடுகூட இல்லை. அந்த ரத்தத்தில் எதிர்ப்புப் பொருள் தெரியவில்லை என்று சோதனை முடிவை அனுப்பினோம். அதிகாரி அதை வேறு மாதிரி படித்தார். இந்தப் பெண் மருந்தைக் கீழே கொட்டிவிட்டு ஊசி போட்டதாகச் சொல்லியிருக்கிறாள், இவளை நீக்க வேண்டும் என்றார்.

அடுத்த வாரமே மாதம்மா மலையிலிருந்து இறங்கி ஆய்வுக்கூடத்துக்கு வந்துவிட்டாள். கண் சிவந்திருந்தது, ஆனால் அழவில்லை.

"வேல போனா போவுதுங்க டாக்டரம்மா. நாலு வூட்டுல கூலிக்குப் போய்க்குவேன். ஊசியில தண்ணி ஊத்திக் குத்துனவன்னு பேர் வந்துடுச்சுங்க. பக்கத்து வூட்டுப் பாப்பாத்தி வாசல்ல போனா மூஞ்சியத் திருப்பிக்கறா. எம் பொண்ண அடுத்த ஊர்லருந்து பொண்ணு பாக்க வரேன்னு சொன்னவங்க வரலீங்க. கோழிய ஏமாத்தலாங்க, ஆத்தாள ஏமாத்த முடியுமா? நான் போட்டேன்னு கோழி வந்து சாச்சி சொல்லணுமா?"

நேராக முனிரத்தினம் சார் அறைக்குப் போனேன். அம்மை ரத்தத்தில் இருக்கும் எதிர்ப்புப் பொருளால் தடுக்கப்படும் நோய் இல்லை என்று நாம் சந்தேகப்பட்டுக்கொண்டுதானே இருக்கிறோம், ஊசி போட்டுச் சில மாதத்தில் கோடு மறைந்தும் போகலாம், இவள் போட்டிருப்பாள் என்று ஒரு கடிதம் எழுதிக் கொடுங்கள் என்றேன்.

"நீ பாத்தியா அவ போட்டத?"

"இல்லீங்க சார்."

"நானும் பாக்கல. பாக்காதத எப்படி எழுதுவேன்? அந்த அதிகாரி பாக்காதத எழுதிட்டாருன்னுதானே நாம கோவப்படறோம்?"

"அப்ப அந்தம்மா கதி?"

"சும்னிரு" என்றார். பிறகு, "சந்தேகம்னு சொன்னியே, அதைக் கோழியைக் கேட்டுடலாம். பி செல்லை எடு. கோடே விழ முடியாத கோழிக்கு அம்மை ஊசி போடு. அது நோயைத் தாங்கினா, கோடு இல்லேன்னா ஊசி போடலன்னு யாரும் சொல்ல முடியாது" என்றார். அன்றைக்கு அவர்மேல் எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சம் இல்லை. ஒருத்தி பேர் போய் நிற்கிறாள், இவர் சோதனை செய்யச் சொல்கிறார் என்று முணுமுணுத்துக்கொண்டே வேலையை ஆரம்பித்தேன்.

கோழியின் எச்சம் போகும் துவாரத்துக்கு மேலே, உள்பக்கமாக, ஒரு சின்னப் பை இருக்கிறது. பர்சா என்று பெயர். பி செல்கள் வளர்ந்து தேர்வதெல்லாம் அந்தப் பைக்குள்தான். முட்டையிலிருந்து வந்த அன்று குஞ்சில் அது மிளகை விடக் கொஞ்சம் பெரிதாக இருக்கும். குஞ்சை மயக்கி, ஈரப் பஞ்சால் பஞ்சு முடியை ஒதுக்கி, ஒரு சிறு கீறல் போட்டால் பை எட்டிப் பார்க்கும். இழுத்தால் கிழிந்து பாதி உள்ளேயே தங்கிவிடும். அதனால் இழுக்காமல், அது வர வரப் பிடித்து, அடிக்கழுத்தில் வெட்ட வேண்டும். அதோடும் முடியாது. பொரிக்கும் முன்பே கொஞ்சம் செல்கள் பையை விட்டுக் கிளம்பி உடம்பில் குடியேறியிருக்கும். அவற்றை ஒழிக்க முதல் சில நாட்கள் மருந்து கொடுக்க வேண்டும். அந்த மருந்து டி செல்லையும் கொஞ்சம் அடிக்கும். டி செல் மீண்டு வரும், பி செல் வராது. அது மீளும்வரை காத்திருக்க வேண்டும். அவசரப்பட்டு ஊசி போட்டால் எதை எடுத்தோம் என்று நமக்கே தெரியாமல் போகும். இன்னொரு கூட்டம் கோழிகளுக்கு டி செல்லை மட்டும் பிடித்து அழிக்கும் எதிர்ப்புப் பொருளை ஐஸில் வரவழைத்துத் திரும்பத் திரும்ப ஊசியில் ஏற்றினோம்.

குஞ்சுகள் சில செத்தன. அதைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கட்டுரை பொய்யாகிவிடும். செத்ததைத் தட்டில் வைத்துப் பார்க்கும்போதெல்லாம், ஒருத்தி மானத்துக்காக இத்தனை உயிரா என்று மனசு கேட்டது. இல்லை, மலையில் இருக்கும் அத்தனை கோழிக்காகவும்தான் என்று நானே பதில் சொல்லிக்கொண்டேன். இரண்டும் உண்மைதான், ஆனால் தட்டில் கிடந்த குஞ்சுக்கு அந்தப் பதில் எதற்கு ஆகும்?

பிறகு கோழியைக் கேட்கும் வேலை. செம்மறி ஆட்டின் ரத்த அணுவைக் கழுவி எல்லாக் கோழிக்கும் ஊசியில் ஏற்றினோம். பி செல் உள்ள கோழி, இதென்ன ஆட்டு ரத்தம் என்று எதிர்ப்புப் பொருள் தயாரிக்கும். இல்லாத கோழி சும்மா இருக்கும். பி செல் எடுத்த கூட்டம் முழுக்கச் சும்மா இருந்தது, ஒன்றைத் தவிர. காலில் மஞ்சள் வளையம் போட்ட பெட்டை. லேசாக, மிக லேசாக எதிர்ப்புக் காட்டியது. எனக்கு ஏற்கெனவே கோழி போதவில்லை.

"கண்ணுக்கே சரியாத் தெரியல சார், வெச்சுக்கலாம்" என்றேன்.

"உன் கை சொல்லுது. கோழி என்ன சொல்லுது?"

மஞ்சள் வளையத்தை வெளியே எடுத்தோம். அது எங்கள் தோட்டத்தில் நெடுநாள் உயிரோடு இருந்து, காவலாளி சாப்பாட்டுத் தூக்கைக் கிண்டிக்கொண்டு திரிந்தது.

மிச்சம் இருந்தவற்றில் ஒப்பிட்டுப் பார்க்கச் சிலவற்றை விட்டுவிட்டு மற்றவற்றுக்கு அம்மைத் தடுப்பூசி போட்டு, அது வேலை செய்ய நேரம் விட்டு, எல்லாவற்றுக்கும் நிஜ அம்மைக் கிருமியைக் கொடுத்தோம். டி செல் எடுத்த கூட்டத்தில் பலவற்றுக்குக் கொண்டையிலும் கண்ணோரத்திலும் கொப்புளம் வந்தது. பி செல்லையும் எடுத்து, தடுப்பூசியும் போடாத கோழிகளுக்கும் வந்தது. பி செல் இல்லாமல் தடுப்பூசி மட்டும் போட்ட கோழிகள், ரத்தத்தில் ஒரு கோடும் இல்லாத கோழிகள், சுத்தமாக நின்றன. கூண்டு முன்னால் நின்று ஒவ்வொன்றின் கொண்டையையும் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

இப்போதாவது கடிதம் எழுதுவார் என்று நினைத்தேன். எழுதினார். ரத்தத்தில் கோடு இல்லை என்பதால் இந்தப் பெண் ஊசி போடவில்லை என்று சொல்ல முடியாது என்று எழுதினார். அதற்குக் கீழேயே, ஊசி போட்டார் என்றும் இதிலிருந்து சொல்ல முடியாது என்று இன்னொரு வரி. மனுசன் கட்டிய வீட்டைத் தானே இடித்தமாதிரி இருந்தது எனக்கு. அதிகாரி இரண்டாவது வரியைப் பிடித்துக்கொண்டார். ஆய்வுக்கூடக் கோழி கதை இருக்கட்டும், மலைக் கோழிக்குப் போட்டாளா இல்லையா என்று கேட்டுப் பதில் அனுப்பினார்.

"கேள்வி நியாயம்தான். ஜீப்ப எடு" என்றார் சார்.

வழி ஒன்று இருந்தது. அம்மைத் தடுப்பூசியை மறுபடி குத்திப் பார்ப்பது. ஏற்கெனவே எதிர்ப்பு இருக்கும் கோழிக்கு அந்த இடம் தடிக்காது. இல்லாத கோழிக்குத் தடிக்கும். கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும்போது, இது எல்லாக் கேள்விக்கும் பதில் என்றேன். சார் தலையை ஆட்டினார். "தடிக்கலன்னா மட்டும் போதாதம்மா. முன்னாடியே அந்த ஊருக்கு அம்மை வந்துட்டுப் போயிருந்தாலும் தடிக்காது. அவ ஊசியா, ஆத்தாளா, யார் வேலன்னு எப்படிப் பிரிப்பே? அதே வயசுல, அதே ஊர்ல, ஊசி போடாத கோழி நாலு வேணும். அது தடிச்சாத்தான் இது பேசும்."

ஊசி போடாத கோழிக்கு எங்கே போவது? எல்லா வீட்டுக்கும் போட்டதாகத்தான் மாதம்மா சொல்லியிருந்தாள்.

விடியும் நேரத்தில், கோழிகளை மூடி வைத்த கூடையைத் தூக்கும் முன்பே வீடு வீடாகப் போனோம். மாதம்மா ஊசியில் கை வைக்கக் கூடாது என்று சார் சொல்லிவிட்டதால் நானே ஊசி போட்டேன். அவள் கூடவே வந்தாள். பாப்பாத்தி தன் கோழிகளைப் பிடித்துக் கொடுத்தாள், மாதம்மாவைப் பார்க்கவில்லை. கடைசியில் மாதம்மா வீடு. அவள் கூடையின் மேல் கை வைத்துக்கொண்டாள்.

"எங்க வூட்டுக் கோழி வேணாங்க."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சுற்றி நின்றவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சார் என்னைப் பார்த்தார். நான் அவளை வீட்டுக்குப் பின்னால் கூட்டிப்போனேன்.

"என்ன மாதம்மா இது? உன் கோழிக்கு மட்டும் ஏன் வேணாங்கற?"

புடவைத் தலைப்பை முறுக்கிக்கொண்டே நின்றாள். "எங் கோழிக்கு நான் போடவே இல்லீங்க."

ஏன் என்றேன்.

"ஊர்ல யாரும் ஒத்துக்கலீங்க. ஆத்தா கோவிச்சுக்குவான்னாங்க. வேப்பமரத்தடியில போய் நின்னு, 'தாயே, ஊர்க் கோழிய வுட்டுடு. எங் கோழிய ஒனக்குன்னு வுட்டுட்டேன், ஊசி காட்ட மாட்டேன், எப்ப வேணா வந்து எடுத்துக்க'ன்னு சொல்லிட்டு வந்துதாங்க போட்டேன். கோவம் வந்தா எங்க வூட்டோட போவும்னு சொன்னப்புறந்தான் கோழியப் புடிக்கவே வுட்டாங்க. ஊசி போடாம வுட்டது மட்டும் யாருக்கும் தெரியாது. இப்ப சொன்னா, தங் கோழிக்கே போடாதவ ஊருக்குப் போட்டிருப்பாளான்னு கேக்க மாட்டாங்களா?"

கேட்பார்கள்தான். ஆனால் சார் கேட்ட நாலு கோழி அந்தக் கூடைக்குள் இருந்தது. அதை விளக்கிச் சொன்னேன். உன் கோழி தடித்தால்தான் மற்றக் கோழிக்குத் தடிக்காததற்கு அர்த்தம் என்றேன். புரிந்துகொண்டாள், ஆனால் தலையாட்டவில்லை.

"ஆத்தாளுக்கு வுட்டத நானே திருப்பி எடுத்துக்கிட்ட மாதிரி ஆவாதுங்களா?"

தெரியாது மாதம்மா என்றேன். அவள் வேப்பமரத்துப் பக்கம் நடந்தாள். நாங்கள் ஜீப் பக்கத்தில் நின்றோம். நடந்ததைச் சாரிடம் சொன்னேன். கோயில் வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாத மனுசன் அவர். அன்றைக்கு ஒரு வார்த்தை கேலி பேசாமல் காத்திருந்தார். அவள் நெற்றி நிறைய மஞ்சளோடு வந்தாள்.

"ஆத்தா வேணாங்கலீங்க. குத்துங்க."

கோழியை அவள் பிடித்தாள். நான் குத்தினேன்.

அடுத்த வாரம் மறுபடி மலையேறினோம். அந்த அதிகாரியும் வந்தார், சார் வற்புறுத்திக் கூட்டிவந்தார். பாப்பாத்தி வீட்டுக் கோழியின் றெக்கையை விரித்தேன். வழவழவென்று இருந்தது. அடுத்த வீடு, அதற்கடுத்த வீடு, எங்கும் தடிப்பு இல்லை. மாதம்மா வீட்டுக் கூடையைத் தூக்கினோம். ஒன்று விடாமல் எல்லாக் கோழிக்கும் குத்திய இடத்தில் துவரம்பருப்பு மாதிரி கொப்புளம். சார் அந்த றெக்கையை அதிகாரியின் முகத்துக்கு நேரே விரித்துப் பிடித்தார். "இந்த ஊருக்கு அம்மை வரல. வந்திருந்தா இது தடிக்காது. அப்ப மத்தக் கோழிக்கெல்லாம் தடுப்பு எங்கிருந்து வந்தது? இவ ஊசியிலிருந்து. இப்ப பாத்துட்டேன், இப்ப எழுதறேன்."

பாப்பாத்தி மாதம்மாவின் பக்கத்தில் வந்து நின்றாள். "அப்ப ஒன் கோழிக்கு நீ போடலியா?"

"ஆத்தாளுக்குன்னு வுட்டேன்க்கா. அவளே றெக்கையில வந்து சொல்லிட்டா."

பாப்பாத்தி அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டாள். மாதம்மா அப்போதும் அழவில்லை. அந்த ஆண்டே அவள் பெண்ணுக்குக் கல்யாணம் ஆனது, நானும் போய்ச் சாப்பிட்டு வந்தேன்.

நாங்கள் கிளம்பும்போது அவள் ஜீப்பின் அருகே வந்தாள். முகத்தில் நிம்மதி இருந்தது, கூடவே ஒரு குழப்பமும் இருந்தது.

"இனிமே எங் கோழிக்கும் அம்மை வராதுங்களா?"

"வராது மாதம்மா" என்றேன் பெருமையாக.

"அப்ப அடுத்த தடவ ஊருக்கு ஊசி போடும்போது ஆத்தாளுக்கு என்னத்தங்க வுடுவேன்?"

சார் கதவைச் சாத்தப் போனவர் நிறுத்தினார்.

"அடுத்துப் பொரிக்கற குஞ்சுல நாலு ஊசி போடாம வுட்டு வைம்மா" என்றார். "எங்களுக்கும் வேணும்."